உறுமலா, கிறீச்சலா, படபடப்பா? கணினிக்கு ஒலிக்கருவி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய முதல் கணினியில், மவுஸை நகர்த்தும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வரும். மதர்போர்டிலேயே இருக்கும் ஒலிச்சில்லு மட்டமானது என்று முடிவுகட்டி, ஒரு சவுண்ட் கார்டு வாங்கிப் பொருத்தினேன். கிர்ர் அப்படியே இருந்தது. அடுத்து யுஎஸ்பி வழியாக இயங்கும் டிஏசி (கணினியின் எண்வடிவ ஒலியை ஸ்பீக்கருக்கான சிக்னலாக மாற்றும் தனிக்கருவி) ஒன்று வாங்கினேன். அதற்கும் அது அசையவில்லை. ஒருநாள் மேசையை நகர்த்துவதற்காக ஸ்பீக்கரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, கணினி செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே செருகினேன். சத்தம் அடங்கிவிட்டது. அந்தச் சவுண்ட் கார்டு இன்றும் அலமாரியில்தான் கிடக்கிறது.

அன்றிலிருந்து யாராவது ஒலி சரியில்லை, என்ன வாங்கலாம் என்று கேட்டால், 'அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டுங்கள்' என்றுதான் முதலில் சொல்வேன். சிரிப்பார்கள், பிறகு செய்து காட்டுவார்கள். 'இரைச்சல்' என்ற ஒரு சொல்லுக்குள் ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். உறுமுகிறதா, கிறீச்சிடுகிறதா, உஸ்ஸென்று சீறுகிறதா, படபடவென்று பொரிகிறதா என்று பிரித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். கீழே உங்கள் சத்தம் எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போங்கள்.

அதற்குமுன் மூன்று பொருள்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: பேட்டரியில் ஓடும் ஒரு போன் அல்லது மடிக்கணினி, சாதாரண இயர்போன் ஒன்று, இரு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் பிளக் உள்ள ஒரு கேபிள். போனில் ஹெட்போன் துளை இல்லையென்றால் அதற்கான சிறு மாற்றியும் வேண்டும். கோளாறைக் கண்டுபிடிக்க இவையே போதும்.

## ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற உறுமல்

தாழ்ந்த சுருதியில், ஏற்ற இறக்கமே இல்லாமல், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே அளவில் கேட்கும் உறுமல் இது. வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 அல்லது 60 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. அந்த அதிர்வெண்ணும் அதன் இரட்டிப்பான 100 அல்லது 120 ஹெர்ட்ஸும்தான் நீங்கள் கேட்பது.

கணினியிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கேபிளைக் கணினிப் பக்கம் மட்டும் கழற்றி, பேட்டரியில் ஓடும் போனில் செருகுங்கள். போன் சார்ஜரில் இருக்கக் கூடாது. கழற்றிய முனையை வெறுமனே தொங்கவிட்டும் சோதிக்கக் கூடாது. அந்தரத்தில் நிற்கும் கேபிள் தானாகவே உறுமும், அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. போனில் செருகிய பிறகும் உறுமினால் கோளாறு ஸ்பீக்கரிலோ கேபிளிலோ இருக்கிறது. கேபிளை மாற்றிப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால் ஸ்பீக்கரின் பவர் பகுதியைப் பழுதுபார்க்க வேண்டும். கணினிக்கு என்ன வாங்கிப் பொருத்தினாலும் பயன் இருக்காது.

போனில் செருகியதும் உறுமல் நின்றுவிட்டதா? அப்படியானால் பெரும்பாலும் எர்த் லூப். கணினிக்கு மூன்று முனை பிளக், அதில் எர்த் இருக்கிறது. ஸ்பீக்கருக்கும் அப்படியே. இரண்டும் சுவருக்குள் எர்த் வழியாக ஒருமுறை இணைகின்றன. ஒலிக் கேபிளின் வெளிக்கம்பி வழியாக இன்னொரு முறை இணைகின்றன. இப்படி ஒரு முழு வளையம் உருவாகிறது. சுற்றிலும் உள்ள மின்காந்தப் புலம் அந்த வளையத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டிவிடும். சாதாரண 3.5 மில்லிமீட்டர் அல்லது ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை பிளக்) கேபிளில் அந்த வெளிக்கம்பிதான் ஒலி சிக்னல் திரும்பிவரும் பாதையும் என்பதால், வளையத்தில் ஓடும் மின்சாரம் பாட்டோடு சேர்ந்து ஸ்பீக்கருக்குள் போய்விடுகிறது.

இதைச் செலவில்லாத வழியிலிருந்து தொடங்கித் தீர்க்க வேண்டும். முதலில் கணினி, மானிட்டர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். வளையம் அறுபடாது, ஆனால் மிகவும் சிறிதாகிவிடும். பல வீடுகளில் வேலை இத்தோடு முடிந்துவிடும். இல்லையென்றால் கணினியில் செருகியிருக்கும் மற்ற கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கணினியோடு தொலைக்காட்சியும் இணைந்திருந்தால் அதற்குள் வரும் ஆன்டெனா அல்லது கேபிள் டிவி வயர்தான் என் முதல் சந்தேகம்; கட்டடத்தின் வேறொரு மூலையிலுள்ள எர்த்தை அது உள்ளே இழுத்துவரும். உலோக உறை போட்ட நெட்வொர்க் கேபிளும் அதே வேலையைச் செய்யும்.

இதற்கும் அடங்காதபோதுதான் பொருள் வாங்கும் பேச்சு. ஸ்பீக்கரில் ஆப்டிகல் உள்ளீடு இருந்து, மதர்போர்டிலும் ஆப்டிகல் வெளியீடு இருந்தால் ஒரு ஆப்டிகல் கேபிள் போதும். அதில் ஒலி ஒளியாகப் போகிறது. செம்புக் கம்பியே கிடையாது, எனவே வளையமும் கிடையாது. ஆப்டிகல் இல்லையென்றால், ஒலிக் கேபிளின் நடுவே செருகும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். சிறிய பெட்டிதான், தனி மின்சாரம் வேண்டாம். மிக மலிவானவற்றில் அடிநாதம் கொஞ்சம் மெலிந்துபோகும். ஸ்பீக்கரில் எக்ஸ்எல்ஆர் அல்லது டிஆர்எஸ் பிளக் செருகும் பேலன்ஸ்டு உள்ளீடு இருந்தால், பேலன்ஸ்டு வெளியீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) நல்ல முதலீடு. அதில் ஒலி இரண்டு தனிக் கம்பிகளில் எதிரெதிராகப் போகிறது. இரண்டிலும் பொதுவாக ஏறும் உறுமலை ஸ்பீக்கர் கழித்துவிடுகிறது.

நான் பணத்தைத் தொலைத்த இடம் இதுதான்: எர்த் லூப்புக்கு யுஎஸ்பி டிஏசி மருந்தாகாது. யுஎஸ்பி கேபிளுக்குள்ளும் எர்த் கம்பி ஓடுகிறது. நடுவில் எவ்வளவு உயர்ந்த டிஏசியை வைத்தாலும் வளையம் அப்படியே இருக்கும்.

பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிட்டால் உறுமல் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். நிற்பது உண்மைதான். உள்ளே ஒரு கம்பி கழன்று உலோக உடலைத் தொட்டால் உங்கள் உயிரைக் காக்க இருக்கும் முதன்மையான வழியும் அதோடு போய்விடும். செய்யாதீர்கள்.

இன்னோர் அறிகுறியும் உண்டு. கணினிப் பெட்டியின் உலோகத்தில் கை வைத்தால் உறுமல் குறைகிறதா, விரலில் மெல்லிய கூச்சம் தெரிகிறதா? அப்படியென்றால் எர்த் லூப் இல்லை, சுவரில் எர்த்தே இல்லை. பவர் சப்ளையில் உள்ள வடிகட்டி மின்தேக்கிகள் பெட்டியின் உலோகத்தில் மெல்லிய கசிவு மின்னழுத்தத்தை ஏற்றிவைத்திருக்கின்றன. கூப்பிட வேண்டியவர் மின்பணியாளர்.

## மவுஸை நகர்த்தினால், விளையாட்டைத் திறந்தால் 'கிர்ர்'

இது உறுமலைப் போல ஒரே சீராக இருக்காது. கணினி செய்யும் வேலைக்கு ஏற்ப மாறும். பக்கத்தை உருட்டினால் கிறீச்சிடும், விளையாட்டில் காட்சி மாறினால் சுருதியும் மாறும்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். அப்போதும் பெட்டிக்குள்ளிருந்து கேட்கிறதா? கிராஃபிக்ஸ் கார்டிலோ பவர் சப்ளையிலோ உள்ள கம்பிச்சுருள்கள் அதிர்வதால் காற்றிலேயே எழும் சத்தம் அது. ஒலிச்சில்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விளையாட்டில் விநாடிக்கு எத்தனை சட்டகம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு வைத்தால் பெரும்பாலும் தணியும்.

ஹெட்போனுக்குள் மட்டும் கேட்டால், அதே ஹெட்போனைப் பெட்டியின் முன்பக்கத் துளையிலிருந்து எடுத்து, பின்பக்கத்தில் மதர்போர்டின் பச்சைத் துளையில் செருகுங்கள். சத்தம் போய்விட்டால் குற்றவாளி முன்பக்கத்துக்குப் போகும் கேபிள். அது பெட்டிக்குள் அரை மீட்டர் பயணம் செய்கிறது. நாம் பூட்டும்போது எங்கே இடம் கிடைத்ததோ அங்கே திணித்திருப்போம். ஒருமுறை பக்கப் பலகையைத் திறந்தபோது, என் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில், அதன் பவர் வயர்களோடு சேர்த்து ஒரே பட்டையால் கட்டப்பட்டிருந்தது. கட்டியதும் நான்தான். பட்டையை வெட்டி, கேபிளை மதர்போர்டுத் தட்டின் பின்புறமாகச் சுற்றிக் கொண்டுபோனேன். முக்கால்வாசிச் சத்தம் போய்விட்டது.

பின்பக்கத்திலும் ஹெட்போனில் கேட்டால், விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் லைன்-இன், மைக் ஆகியவற்றுக்கு 'லிசன்' எங்காவது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பயன்படுத்தாத உள்ளீடு திறந்திருந்தால் அது பெட்டிக்குள்ளிருக்கும் மின்குப்பையை எல்லாம் ஒலிபரப்பும். அதை மூடிய பிறகும் கிர்ர் இருந்தால், மதர்போர்டின் ஒலிப்பகுதிக்குக் காப்பு போதவில்லை. யுஎஸ்பி டிஏசி உண்மையிலேயே பலன் தரும் இடம் இதுதான். சவுண்ட் கார்டு வாங்கினால் அதே பெட்டிக்குள், அதே கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார வேண்டியிருக்கும்.

ஹெட்போனில் அமைதி, ஸ்பீக்கரில் மட்டும் கிர்ர் என்றால் மேலே உள்ள உறுமல் பகுதிக்குத் திரும்புங்கள். அதே வளையம்தான், இம்முறை கணினியின் உள்சத்தத்தைச் சுமந்துவருகிறது.

## 'உஸ்ஸ்' என்ற சீறல்

பாட்டை நிறுத்திவிட்டு ஒலியளவைக் கூட்டிக் குறையுங்கள். சீறல் மாறவே இல்லையென்றால், அது உங்கள் ஒலியளவுக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு உள்ள ஆம்ப்ளிஃபயரின் சொந்த இரைச்சல். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கரின் சிறிய உயரொலிக் கூம்பில் காதை வைத்தால் கொஞ்சம் சீறல் கேட்கத்தான் செய்யும். உட்காரும் இடத்தில் கேட்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

காதுக்குள் பொருந்தும் கூருணர்வுள்ள இயர்போனில் சீறல் வந்தால், பலரும் செய்யும் தவறு இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்குவது. அது சீறலையும் சேர்த்துப் பெருக்கும். இங்கே வேண்டியது குறைந்த பெருக்கம். போனுக்காக விற்கப்படும் விரல் நீள யுஎஸ்பி மாற்றி இதற்கு எதிர்பாராத அளவுக்கு நன்றாக உழைக்கும். ஆப்பிளின் யுஎஸ்பி-சி ஹெட்போன் மாற்றியைக் கணினியில் செருகிப் பயன்படுத்துகிறவர்கள் ஏராளம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான வடிவத்தில் மட்டும் வெளியீட்டு வோல்ட் பாதியாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. இயர்போனுக்கு அதுவே போதும்.

## படபட, டப், நடுவே அறுந்துபோதல்

பொரிப்பது போன்ற இந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் மின்சாரம் காரணமல்ல, நேரம்தான் காரணம். விண்டோஸ் வழக்கமாக ஒலியை 10 மில்லி விநாடிப் பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. 48,000 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு பொட்டலத்துக்கு 480 மாதிரிகள். அடுத்த பொட்டலம் உரிய நேரத்துக்கு வந்து சேராவிட்டால் அங்கே ஓர் ஓட்டை விழும், அந்த ஓட்டைதான் 'டப்'. வழியை மறிப்பது பெரும்பாலும் வேறொரு டிரைவர்: வைஃபை, நெட்வொர்க், கிராஃபிக்ஸ்.

லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டுப் பத்து நிமிடம் வழக்கமான வேலையைப் பாருங்கள். எந்தக் கோப்பு அதிக நேரம் பிடித்துவைத்தது என்று பெயரோடு காட்டும். 'என்டிஐஎஸ்' என்று தொடங்கினால் நெட்வொர்க் பக்கம். வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். 'என்விஎல்டிடிஎம்கேஎம்' என்றால் என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர். புதியதற்கு மாறுங்கள், அல்லது சிக்கல் புதியதில்தான் தொடங்கியது என்றால் பழையதற்குத் திரும்புங்கள். மெமரியை எக்ஸ்எம்பி என்ற கூடுதல் வேக அமைப்பில் ஓடவிட்டிருந்தால் அதை ஒருநாள் அணைத்துப் பார்ப்பதும் நல்லது. நிலையில்லாத மெமரி, திரை நீலமாவதற்கு வெகுநாள் முன்பே காதில் தன்னைக் காட்டிக்கொள்வது உண்டு.

யுஎஸ்பி டிஏசியில் மட்டும் பொரிகிறது என்றால் அதை ஹப்பிலிருந்து எடுத்து, மதர்போர்டின் பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகுங்கள். ஒலி யுஎஸ்பியில் போகும் முறையில் தவறிய பொட்டலத்தைத் திரும்பக் கேட்கும் வழக்கம் இல்லை; போனது போனதுதான். பென் டிரைவுக்கு நகலெடுப்பதில் தெரியாத சிறு தடங்கல், பாட்டில் பளிச்சென்று தெரிவது இதனால்தான். 2021-இல் ஏஎம்டியின் 500 வரிசைச் சிப்செட்டுகளில் யுஎஸ்பி அறுபடுவதாகவும் டிஏசிகள் பொரிவதாகவும் புகார் எழுந்தது. அந்நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு, அதே ஆண்டில் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) திருத்தம் வெளியிட்டது. அந்தக் காலத்து மதர்போர்டை வைத்திருந்து இதுவரை பயாஸைப் புதுப்பிக்காதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

புதிய கருவி வாங்கி இந்தப் பகுதிக் கோளாறைச் சரிசெய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

## முதல் சொல் விழுங்கப்படுகிறது

பாட்டு தொடங்கும்போது அரை விநாடி காணாமல் போகிறது, அல்லது தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு 'டப்'. சத்தம் இல்லாதபோது ஒலிச்சில்லு உறங்கப் போய், கூப்பிட்டதும் எழுந்துவருகிறது. டிரைவரின் மின்சேமிப்பை அணையுங்கள். லினக்ஸில் ஸ்னட்_எச்டிஏ_இன்டெல் தொகுதியின் பவர்_சேவ் மதிப்பைப் பூஜ்யமாக்கினால் போதும். எச்டிஎம்ஐ வழியே ஒலி போனால் உறங்குவது மானிட்டராகவோ தொலைக்காட்சியாகவோ இருக்கும்.

## பாடுகிறவர் குரல் மட்டும் காணவில்லை

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது. வாத்தியங்கள் எல்லாம் கேட்கும், குகைக்குள் இருப்பதுபோல் எதிரொலிக்கும், குரல் மட்டும் எங்கோ தொலைந்திருக்கும். ஒலிச்சில்லு போய்விட்டது என்று பதறுவார்கள்.

பிளக்கின் பொதுக் கம்பி தொடர்பு விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். பொது வழி இல்லாதபோது இடது சிக்னலுக்கும் வலது சிக்னலுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஹெட்போனில் ஓடும். பாடகர் குரலை நடுவில் வைத்துத்தான் பதிவு செய்வார்கள், அதாவது இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அது பூஜ்யம். பிளக்கை முழுவதும் உள்ளே அழுத்துங்கள். துளையில் தூசு அடைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மைக் உள்ள பழைய இயர்போனாக இருந்தால், அதன் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். பிடித்திருக்கும்வரை குரல் திரும்பிவந்தால், நான்கு பிரிவுகள் உள்ள பிளக்கில் மைக்கும் எர்த்தும் இடம் மாறிய பழைய வகை அது. ஒரு சிறு மாற்றி வாங்கினால் போதும்.

## முன்பக்கத் துளையில் சத்தமே இல்லை

மதர்போர்டின் இடது கீழ் மூலையில் ஒன்பது ஊசிகள் உள்ள இணைப்பு இருக்கும். எஃப்_ஆடியோ, ஜேஏயுடி1, எச்டி_ஆடியோ என்று ஒவ்வொரு மதர்போர்டிலும் ஒவ்வொரு பெயர். பக்கத்தில் உள்ள யுஎஸ்பி 2.0 இணைப்புக்கும் ஒன்பது ஊசிதான். யுஎஸ்பியில் ஊசி இல்லாத இடம் ஓரத்து மூலையில். ஒலியில் அந்த இடம் மூலையிலிருந்து ஒன்று தள்ளி. தவறான இடத்தில் அழுத்தித் திணித்தால் ஊசி வளையும். பழைய பெட்டிகளில் ஒரே கேபிளில் ஏசி97 (பழைய தரம்), எச்டி ஆடியோ என்று இரண்டு முனைகள் தொங்கும். எச்டி ஆடியோவை மட்டும் செருகுங்கள்.

பின்பக்கத்திலும் சத்தம் இல்லையென்றால், பாட்டு எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கும். கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்த மறுநாள் இது நடப்பது வழக்கம்.

## ஹெட்போனில் ஒலி சன்னமாக இருக்கிறது

ஆம்ப்ளிஃபயர் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிறர் கருத்தை நம்பி முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒரு தாளில் கணக்குப் போட்டுவிடலாம். உங்கள் ஹெட்போனின் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மின்தடை, ஓமில். மற்றொன்று 1 மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் என்பது.

250 ஓம், 96 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். மதர்போர்டு 1 வோல்ட் தருகிறது. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் 4 மில்லிவாட். ஆற்றல் ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் 3 டெசிபல் கூடும். 1 இரண்டாகி, 2 நான்காகிறது, ஆக 6 டெசிபல். மொத்தம் 102. மதர்போர்டு 2 வோல்ட் தந்தால் 16 மில்லிவாட், 108 டெசிபல்.

இந்த 102 என்பது அதிகமா குறைவா? உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது. சராசரியாக 80-இல் கேட்டால், திடீர் உச்சங்களுக்கு இன்னும் 20 டெசிபலுக்கு மேல் இடம் இருக்கிறது. பெரும்பாலான பாட்டுக்கு இது போதும். மெதுவாகப் பதிவான செவ்வியல் இசைக்கும் பழைய படங்களுக்கும் 1 வோல்ட் சற்று இழுபறிதான்; அங்கே 2 வோல்ட் தரும் டிஏசி-ஆம்ப்ளிஃபயர் ஒன்று நியாயமான செலவு. '250 ஓம் என்றால் தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் முடியாது' என்று அடித்துச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. நேர்மாறாக, 50 ஓமே இருந்தாலும் 1 மில்லிவாட்டுக்கு 85 டெசிபல்கூட எட்டாத 'பிளேனர்' வகை ஹெட்போன்கள் உண்டு. உண்மையான பசி அவற்றுக்குத்தான்.

கணக்கு சரியாக இருந்தும் சத்தம் குறைவாக இருந்தால் மென்பொருளைச் சந்தேகியுங்கள். விண்டோஸ் பழைய சவுண்ட் பலகத்தில் 'கம்யூனிகேஷன்ஸ்' என்ற பக்கம் இருக்கிறது. அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும்படி முன்கூட்டியே அங்கே அமைக்கப்பட்டிருக்கும். சில பேச்சுச் செயலிகள் மூடிய பிறகும் அழைப்பில் இருப்பதாகவே அது நினைத்துக்கொள்ளும். 'டூ நத்திங்' என்று மாற்றுங்கள்.

சத்தம் போதுமான அளவு இருக்கிறது, ஆனால் போனில் தெளிவாகக் கேட்ட ஹெட்போன் கணினியில் அடிநாதம் பொங்கிக் குழைகிறது என்றால், அது கணினியின் ஒலித்துளைக்கே உள்ள வெளியீட்டு மின்தடையின் வேலை. அந்த எண் ஹெட்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருப்பது நல்லது. சில பெட்டிகளின் முன்பக்கத் துளையில் 75 ஓமுக்கும் மேலே இருக்கும். 32 ஓம் ஹெட்போனுக்கு அது பெரும் பாரம். பின்பக்கத் துளையில் செருகிப் பாருங்கள். அங்கேயும் அப்படியே என்றால் சிறிய யுஎஸ்பி டிஏசியே தீர்வு.

## பேச ஆரம்பித்ததும் பாட்டு பழைய தொலைபேசி போல் ஆகிறது

புளூடூத் ஹெட்செட். பாட்டு மட்டும் ஓடும்போது ஏ2டிபி என்ற ஒருவழிப் பாதையில் ஸ்டீரியோவாக வருகிறது. மைக்கைத் திறந்ததும் இருவழிப் பாதையான எச்எஃப்பிக்கு மாறி, ஒற்றைத் தடத்தில் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸாகச் சுருங்கிவிடும். எல்இ ஆடியோ என்ற புதிய புளூடூத் முறை இதைப் பெருமளவு சரிசெய்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் அதை அறிந்திருக்க வேண்டும். அதுவரை சிறிய யுஎஸ்பி மைக் ஒன்றை வாங்கி, பேச்சுக்கு அதையும் கேட்பதற்கு மட்டும் ஹெட்செட்டையும் தேர்ந்தெடுங்கள்.

## 'உங்கள் குரல் சரியாகக் கேட்கவில்லை' என்கிறார்கள்

மதர்போர்டின் இளஞ்சிவப்புத் துளையில் மைக் பூஸ்ட் 20, 30 டெசிபல் என்று ஏற்றிவைத்திருப்போம். குரலோடு சீறலும் அதே அளவு ஏறும். மைக்கை வாயருகே ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்து பூஸ்ட்டைக் குறையுங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். எந்தக் கருவியும் இவ்வளவு மலிவாக அதைத் தராது.

மேம்படுத்துவது என்று முடிவு செய்தால், வீட்டில் மின்விசிறி ஓடும், தெருச் சத்தம் வரும் என்பவர்கள் டைனமிக் மைக்கையும் ஆடியோ இன்டர்ஃபேஸையும் பாருங்கள். வாங்கும் முன் இன்டர்ஃபேஸ் எத்தனை டெசிபல் பெருக்கம் தருகிறது என்று படித்துவிடுங்கள். பேசுகிறவர்கள் ஆசைப்படும் ஷூர் எஸ்எம்7பி மைக்குக்கு 60 டெசிபல் தேவை. மைக்குக்குச் செலவழித்த பிறகு, இன்டர்ஃபேஸின் திருகைக் கடைசிவரை திருகியும் முணுமுணுப்பாகக் கேட்பது நொந்துபோகும் அனுபவம். கண்டென்சர் மைக் என்றால், மைக் கேபிள் வழியாகவே 48 வோல்ட் 'ஃபேன்டம்' மின்சாரம் தரும் இன்டர்ஃபேஸ் வேண்டும்.

## ஆறு ஸ்பீக்கர் இருந்தும் இரண்டில்தான் ஒலி

ஆப்டிகல் கேபிளில் சுருக்காத ஒலி இரண்டு தடம் மட்டுமே போகும். படத்தில் ஏற்கெனவே டால்பி டிஜிட்டலாகச் சுருக்கப்பட்ட 5.1 அப்படியே கடந்துவிடும்; விளையாட்டின் ஒலி அப்படிச் சுருக்கப்பட்டு வருவதில்லை. அதை அப்போதைக்கப்போது சுருக்கித்தரும் டால்பி டிஜிட்டல் லைவ் மதர்போர்டில் இருக்க வேண்டும், அல்லது எச்டிஎம்ஐயில் ரிசீவருக்கு (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) போங்கள். அதில் சுருக்காமலே எட்டுத் தடம் போகும்.

## கோளாறு எதுவும் இல்லை, ஆனாலும் மனம் நிறையவில்லை

மேலே எந்தச் சத்தமும் உங்களுடையது இல்லையென்றால் உங்கள் மதர்போர்டு நலமாக இருக்கிறது. 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற சவுண்ட் கார்டு வந்தபோது அதற்குக் காரணம் இருந்தது. அன்றைய ஐபிஎம் வகைக் கணினிகளில் பெரும்பாலானவை பீப் என்று மட்டுமே சொல்லும். விளையாட்டு ஒலியை அந்தக் கார்டே கணக்கிட்ட காலமும் இருந்தது. 2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது, டைரக்ட்சவுண்ட் என்ற விண்டோஸ் ஒலி வசதி வழியாகக் கார்டின் வன்பொருளுக்குப் போகும் பாதையை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது, கணக்கெல்லாம் கணினியின் மையச் செயலிக்கு (சிபியு) வந்தது. சவுண்ட் கார்டு விளையாட்டை வேகமாக்கும் என்ற நம்பிக்கை அதற்குப் பிறகும் வெகுநாள் உயிரோடு இருந்தது.

192 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் என்ற எண்களுக்கும் மயங்க வேண்டாம். சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸே 22 கிலோஹெர்ட்ஸ் வரை பிடித்துவிடும். இளம் காதுகளின் எல்லையே 20. அதன் 16 பிட் 96 டெசிபல் வீச்சைத் தருகிறது, நம் அறையின் அமைதியோ அதில் ஒரு பகுதியை முன்பே விழுங்கிவிடும்.

பணம் இருந்தால் ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ செலவழியுங்கள். இரண்டு நல்ல டிஏசிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிச் சொல்வது கடினம். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே உள்ளதை அடுத்த அறையில் இருப்பவரே சொல்லிவிடுவார். கடையில் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே ஒலியளவில் வைக்கச் சொல்லுங்கள். 1 டெசிபல் கூடுதலாக ஒலிப்பது, கூடுதலாக ஒலிக்கிறது என்று தெரியாமலே 'நன்றாக இருக்கிறது' என்று தோன்றும்.

ஆனால் அதற்கும் முன், இன்று மாலையே, இப்போதுள்ள ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டு சாண் முன்னால் இழுத்து, அவற்றுக்கு இடையே உள்ள தூரமும் உங்கள் தலைக்கு உள்ள தூரமும் ஒன்றாக இருக்கும்படி வையுங்கள். உயரொலிக் கூம்பு காது மட்டத்துக்கு வரும்வரை அடியில் இரண்டு தடித்த புத்தகங்களைக் கொடுங்கள். நன்கு தெரிந்த ஒரு பாட்டைப் போட்டு, குரல் மானிட்டரின் நடுவிலிருந்து வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால் ஒரு ஸ்பீக்கரை விரலளவு உள்நோக்கித் திருப்புங்கள்.